ராயப்பரின் பங்கு

'ராயப்புரம்' என்றதும், யாரோ ஒரு ராயர் ஆண்ட ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்! ஏசுவின் சீடர் பீட்டரைத்தான் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'ராயப்பர்' என்பார்கள். பீட்டர் என்றால் பாறை. தெலுங்கில் 'ராயி' என்றால் கல். 'பால்' என்ற பெயருக்கு 'சிறியவர்' என்று பொருள் என்பதால் அவர் சின்னப்பர்!

இங்கிலாந்துக் கிராமங்களில் நடுவே ஒரு சர்ச் இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அதன் பதிவேட்டில் ஏறும். 1538-லேயே அரசு உத்தரவு போட்டு ஆரம்பித்த பழக்கம் அது. பெரும்பாலும் ஊரின் பெயர்தான் சர்ச்சுக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே தலைகீழ். சர்ச்சின் புனிதர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டார்.

புனித ராயப்பர் ஆலயம் எழுந்தது 1829-ல். கட்டியது வெள்ளைக்கார கவர்னரா? இல்லை. கம்பெனிக் கப்பல்களுக்குப் படகு ஓட்டிய குருகுல வம்சத்துக் கிறிஸ்தவர்கள்.

அப்போது மதராஸில் துறைமுகம் ஏது? கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கு வர மசூலா படகுதான். பலகைகளை ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகை அலை தூக்கிப்போட்டால் உடைந்துவிடும். இதுவோ வளைந்து கொடுக்கும். துரைமார்களும் சரி, அவர்களது பெட்டி படுக்கைகளும் சரி, இந்தப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் கரையேறியாக வேண்டும்!

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதே ராயப்புரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1875-ல், பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881-ல் ஒரு புயல் அந்தச் சுவர்களைப் பதம் பார்த்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. கப்பல் கரைக்கே வந்துவிட்ட பிறகு, அலையைத் தாண்டுகிற வித்தை யாருக்கு வேண்டும்? தைத்த படகுகள் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டன.

கத்தோலிக்கத் தமிழில் 'பாரிஷ்' என்பதற்குப் 'பங்கு' என்று பெயர். நல்ல வார்த்தை! இன்று துறைமுகத்துக்குள் கன்டெய்னர்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. இந்த ஊர் வியாபாரத்தை இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோளில் சுமந்து கரைசேர்த்தவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டால், கைகாட்ட ஒரு கோயிலும் ஒரு பேட்டையின் பெயரும்தான் இருக்கின்றன.