பசியில் பிறந்த திருவிழா

ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்துவரும் நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்திருந்தபோது, ஸ்டுட்கார்ட் நகரத்து இளவேனில் விழாவைக் கண்டுவந்த கதையைச் சுவைபடக் கூறினார். அந்நகரின் ஒரு பகுதியாகிய கான்ஸ்டாட்டில், நெக்கார் ஆற்றங்கரைத் திடலில், ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் நடைபெறும் விழா அது. பெரும் பெரும் கூடாரங்கள், ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குவளைகளில் நுரை பொங்கும் பீர், பாண்டு வாத்தியம், பெஞ்சின்மேல் ஏறி நின்று பாடும் கூட்டம். வெளியே ராட்சத ராட்டினம், சர்க்கரைப்பாகில் வறுத்த பாதாம் பருப்பு, குழந்தைகளின் ஆரவாரம்.

“குடிப்பவர் கூத்துக்கு ஒரு திருவிழாவா?” என்று உடனிருந்த பெரியவர் முகம் சுளித்தார். நமக்கும் அப்படியே தோன்றிற்று. ஆயினும் நூல்களைப் புரட்டியபோது நாம் கண்டது கூத்தின் வரலாறன்று, பஞ்சத்தின் வரலாறு.

இளவேனில் விழா 1938-இல் தொடங்கியது, வயதில் இளையது. அதே திடலில் இலையுதிர் காலத்தில் நடக்கும் மக்கள் விழாவே மூத்தது. அதன் வேர் கீழைக் கடலில் இருக்கிறது. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வானில் பரவிய அதன் புகைத்திரை கதிரவன் வெப்பத்தைக் குறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. வூர்ட்டம்பர்க் நாட்டில் ஓயாத மழையும் குளிரும் பயிரை அழித்தன. தவிட்டையும் மரத்தூளையும் கலந்து ரொட்டி சுட்டு உண்டனர் ஏழைகள்.

ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் புறப்பட்டனர். ருஷ்யாவுக்குச் சிலர், அமெரிக்காவுக்குச் சிலர். ஏன் போகிறீர்கள் என்று அவர்களைக் கேட்டு எழுதிவர, 1817-இல் அரசாங்கம் ஓர் இளம் அதிகாரியை ஹைல்பிரான் நகருக்கு அனுப்பியது. அவர்தாம் பிரெடரிக் லிஸ்ட். பிற்காலத்தில் ஜெர்மனியில் இருப்புப்பாதை அமைக்க வேண்டுமென ஓயாது வாதாடியவர். ரயில்வேயில் பணிபுரியும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர். எழுத்தராகவே வாழ்வைத் தொடங்கியவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் புறப்பட்டவர்கள் அவரிடம் பஞ்சத்தை மட்டும் சொல்லவில்லை. வரிச்சுமையையும் அலுவலர்களின் கெடுபிடியையும் சொன்னார்கள். அதைப் படிக்கையில் எழுத்தர்களாகிய நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

1816 இறுதியில் அரியணை ஏறிய முதலாம் வில்லியம் மன்னருக்கு வந்து சேர்ந்த நாடு இதுதான். அவருடைய அரசி காதரீன், ருஷ்யச் சக்கரவர்த்தியின் தங்கை. அறநிலையச் சங்கம் அமைத்து ஏழைகளுக்கு உதவி செய்தார். 1818-இல் சேமிப்பு வங்கி ஏற்படவும் காரணமானார். 1817-இல் அறுவடை தேறி முதல் கதிர் வண்டிகள் ஊருக்குள் வந்தபோது மணியடித்து, தோத்திரம் பாடி வரவேற்றார்களாம். நம் தைத் திங்களை அறிந்தவர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இனி உழவை வளர்க்க வேண்டும் என்று மன்னர் எண்ணினார். 1818 செப்டம்பர் 28-ஆம் நாள், தம் பிறந்த நாளுக்கு மறுநாள், கான்ஸ்டாட்டில் முதல் விழாவை நடத்தினார். நல்ல கால்நடை வளர்த்தவர்க்குப் பரிசு. குதிரைப் பந்தயமும் உண்டு. அவ்வாண்டே ஹோகன்ஹைமில் வேளாண்மைக் கல்விக்கூடமும் நிறுவப்பெற்றது. இன்று அது பல்கலைக்கழகம். பீர்க் கூடாரங்கள் பெருகியதெல்லாம் பின்னாளில். தானியமும் கனிகளும் சூடிய உயர்ந்த தூண் ஒன்று இன்றும் இலையுதிர் கால விழாவில் நிற்கிறது. இளவேனிலில் அது இல்லை.

1845-இல் வூர்ட்டம்பர்க்கின் முதல் ரயில் கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டூர்க்ஹைம் வரை ஓடியது. அவ்வூருக்கு மேலே, நெக்கார் பள்ளத்தாக்கை நோக்கிய குன்றின்மீது ஒரு நினைவுக் கோயில் உண்டு. அரசி காதரீன் 1819 ஜனவரியில், முப்பதாம் வயதில் காலமானார். அவர் வாழ்நாளில் நடந்தது அந்த ஒரே விழாதான். அக்குன்றின் மீதுதான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.