மறைகலையும் அரசாணையும்

குடிமக்களின் வரிப்பணத்தில் ஓர் ஆராய்ச்சி நடைபெறுகிறது. அறிஞர் ஒருவர் அதில் வெற்றி காண்கிறார். அவர் கண்ட உண்மை யாருக்கு உரியது? பணம் தந்த மக்களுக்கா? அப்பணத்தைக் கையாண்ட அரசுக்கா? ஆய்ந்து கண்ட அறிஞருக்கா? அல்லது உலகத்தார் யாவர்க்குமா? அரசுகள் அறிஞர்களுக்குப் பொருள் வழங்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இவ்வினா உடன் வந்திருக்கிறது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இது நீதிமன்றம் வரை சென்ற பெருஞ்சிக்கலாக உருவெடுத்தது.

இதனை ஆராய மறைகலையின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை என்பது நம் கருத்து. செய்தியைப் பிறர் அறியா வண்ணம் குறியீடுகளாக மாற்றி எழுதுவதும், அவ்வாறு எழுதியதைத் திறவுகோல் இன்றியே படித்தறிவதும் ஆகிய இரண்டையும் ஈண்டு மறைகலை என்னும் ஒரே சொல்லால் குறிப்போம். மறைப்பதற்கென்றே பிறந்த இக்கலையை, அரசுகள் கற்போரிடமிருந்தும் மறைக்க முயன்றபோது நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பக்தாதின் ரிஸாலா

ஆங்கிலத்தில் மறைகுறியீட்டைச் ‘சைஃபர்’ என்கின்றனர். அச்சொல் அரபு மொழியின் ‘ஸிஃப்ர்’ என்பதிலிருந்து பிறந்தது. வெறுமை, சுழி என்பன அதன் பொருள். சொல் மட்டுமன்று, இக்கலையை அறிவியல் முறையில் அமைத்த, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூலும் அரபு மொழியிலேயே உள்ளது. அதனை இயற்றியவர் அரபுத் தத்துவ ஞானி எனப் போற்றப்பெறும் அபூ யூசுஃப் யஅகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தீ ஆவார். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன், கலீஃபா முஃதஸிம் ஆகியோரின் ஆதரவில் பக்தாதில் வாழ்ந்தவர் அவர்.

அவர் கூறும் வழி எளியது, ஆனால் நுட்பமானது. ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் வரும். அரபு மொழியில் அலிஃபும் லாமும் மிகுதி. ஆகவே, மறைத்து எழுதப்பட்ட மடலில் எக்குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அம்மொழியின் இயல்பான எழுத்து வரிசையோடு ஒப்பிட்டால், மடல் தானே வாய் திறக்கும். ஐரோப்பியர் இவ்வழியைக் கையாளப் பல நூற்றாண்டுகள் சென்றன.

இந்த ரிஸாலா அரசவையின் ஆதரவில் வாழ்ந்த அறிஞர் ஒருவர் இயற்றியது. பகைவர் கைக்குச் சென்றாலும் பயன்படக்கூடியது. ஆயினும், மற்ற ரிஸாலாக்களைப் போலவே கற்போர்க்கென எழுதப்பட்டது. பிற்காலத்தில் மம்லூக்கு அரசின் எழுத்தரான அல்-கல்கஷந்தீயும் கி.பி. 1412இல் நிறைவெய்திய தமது ‘ஸுப்ஹுல் அஃஷா’ என்னும் பெருங்களஞ்சியத்தில், இப்னு துரைஹிம் என்பாரின் நூலைத் தழுவி மறைகலைக்கென ஒரு பகுதி ஒதுக்கினார். அரசின் மடல்களை எழுதியவரே அம்மடல்களைக் காக்கும் கலையை ஏட்டில் ஏற்றினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அக்கால அரசர் யாவரும் அறிவுக்கு அரணாக விளங்கினர் என்று நாம் கூற வரவில்லை. கலீஃபா முத்தவக்கிலின் ஆட்சியில், பொறாமை கொண்டோர் செய்த சூழ்ச்சியால் அல்-கிந்தீயின் நூலகமே பறிமுதல் செய்யப்பட்டது; பின்னரே அவரிடம் மீண்டது. கொடுத்த கையே பறிக்கவும் கூடும் என்பதற்கு இது பழைய சான்று. அவருடைய மறைகலை ரிஸாலாவோ, தடுப்பாரால் அன்றித் தேடுவார் இன்மையால் இஸ்தான்பூல் நூலகம் ஒன்றில் நெடுங்காலம் உறங்கியது. திமிஷ்க் அறிஞர்கள் 1980களில் அதனைப் பதிப்பித்து உலகின் கண்களுக்குக் காட்டினர்.

செல்டன்ஹாமின் மௌனம்

இனி நம் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் பிளெட்ச்லி பூங்காவில் ஜெர்மானியரின் மறைகுறிகளை உடைத்துப் படித்தனர். அச்செய்தி வெளிப்பட்டிருந்தால் பகைவர் உடனே குறிகளை மாற்றியிருப்பர். எண்ணற்ற உயிர்கள் மாண்டிருக்கும். ஆகவே அன்று காத்த மௌனத்தைக் குறை கூறுவார் இலர்.

ஆனால் போர் முடிந்த பின்பும் மௌனம் முடியவில்லை. அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃப்ளவர்ஸ் 1944இல் இயக்கிக் காட்டிய ‘கொலாசஸ்’ என்னும் மின்னணுக் கணிப்பொறிகளிற் பெரும்பாலானவை பிரித்தெறியப்பட்டன. வரைபடங்களை அவரே மேலிடத்து ஆணைப்படி உலையில் இட்டு எரித்தார். 1970களில் உண்மை வெளிவரும் வரை, அமெரிக்காவின் ‘எனியாக்’ பொறியே இத்துறையின் தொடக்கம் என்று மாணவர்கள் பயின்றனர்.

அம்மரபில் வந்ததே செல்டன்ஹாம் நகரிலுள்ள ஆங்கில அரசின் செய்தித் தொடர்புத் தலைமையகம். அங்குப் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ் 1970இல் ஒரு விந்தையான கருத்தை முன்வைத்தார். அதுவரை, மறைத்து எழுதுவோரும் படிப்போரும் ஒரே திறவுகோலை முன்கூட்டியே பகிர்ந்திருக்க வேண்டும். அத்திறவுகோலைக் கொண்டு சேர்ப்பதே பெருந்தொல்லை. எல்லிஸோ, முன்கூட்டிய பகிர்வே இன்றி மறைபொருள் அனுப்ப இயலும் என்றார்.

எங்ஙனம்? ஓர் உவமையால் விளக்குவோம். நாம் நம்முடைய திறந்த பூட்டுகளை ஊர் முழுவதும் வழங்கி, சாவியை மட்டும் நம் மடியில் வைத்துக்கொள்கிறோம். நமக்கு எழுத விரும்புவோர் எவரும் மடலைப் பெட்டியிலிட்டு, நம் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்பலாம். பூட்டியவராலும் அதனை மீண்டும் திறக்க இயலாது. சாவி உடைய நாமே திறக்க வல்லோம்.

கருத்து கிடைத்தது, ஆனால் அத்தகைய பூட்டு கிடைக்கவில்லை. 1973இல் கிளிஃபர்ட் காக்ஸ் என்னும் 22 வயதுக் கணித வல்லுநர் புதிதாகப் பணியில் சேர்ந்தார். எண்கணிதத்தில் தேர்ந்த அவர், பகா எண்களில் அப்பூட்டைக் கண்டார். 61ஐயும் 53ஐயும் பெருக்கினால் 3233 என்று சிறுவனும் சொல்லிவிடுவான். 3233 எவ்விரு எண்களின் பெருக்கம் என்று கேட்டாலோ சற்றுத் திகைப்பான். எண்கள் நூறு இலக்கங்களுக்கு மேல் நீண்டால் அறிஞரும் திகைப்பர். இதுவே அப்பூட்டின் மறைபொருள். இதனைக் காக்ஸ் ஒரு மாலைப் பொழுதில் தம் இல்லத்தில் இருந்தபடியே சிந்தித்துக் கண்டார். அலுவலகச் செய்தியை வீட்டில் எழுதுவது விதிக்குப் புறம்பாதலால், காகிதத்தில் ஒரு கோடும் இடாமல் மனத்திலேயே தாங்கி மறுநாள் அலுவலகம் சென்றார்! அடுத்த ஆண்டில் அவருடைய நண்பர் மால்கம் வில்லியம்சன் இன்னொரு வழியையும் கண்டார்.

மக்களின் பணத்தில் விளைந்த இந்த அரிய கண்டுபிடிப்பு என்னவாயிற்று? இரகசிய முத்திரையோடு பேழைக்குள் சென்றது. அந்நாளைய கணிப்பொறிகளுக்கு வலிமை போதாமையால் அரசும் அதனைப் பயன்படுத்தவில்லை. பிறர் பயன்படுத்தவும் விடவில்லை.

திறந்த மன்றத்தில்

பேழைக்குள் பூட்டிய உண்மை உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் எல்லிஸின் கருத்தைத் தாமே கண்டு அச்சிட்டனர். 1977இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர், காக்ஸ் கண்ட அதே பகா எண் பூட்டைக் கண்டனர். இவ்விரு ஆய்வுகளுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை என்னும் அரசு அமைப்பு பொருள் வழங்கியது. மூவரின் ஆய்வுக்குக் கடற்படை ஆய்வு அலுவலகமும் உதவியது.

ஒரு கை கொடுத்தது; மறு கை தடுக்க முயன்றது. 1977 ஜூலையில் பொறியாளர் கழகம் ஒன்றுக்கு ஓர் உறுப்பினரிடமிருந்து மடல் வந்தது. மறைகலைக் கட்டுரைகளை வெளிநாட்டாரும் காணும்படி வெளியிடுவது, போர்க்கருவி ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று அது எச்சரித்தது. தனி மனிதராக எழுதிய அவர், உளவுத் துறையான தேசியப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் என்பது பின்னர் தெரிய வந்தது. ஓர் எண் வாய்பாட்டைப் பீரங்கியோடு ஒரே பட்டியலில் வைக்கும் விந்தையை என்னென்பது!

அறிஞர்கள் அஞ்சினர், ஆனால் ஒடுங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் இத்தாக்கா நகரில் கருத்தரங்கு நடைபெற்றது. ஹெல்மனின் மாணவர் இருவர் அங்குக் கட்டுரை படிக்க இருந்தனர். வழக்கு வந்தால் மாணவர்க்கே இடர் மிகுதி என்று சட்ட ஆலோசகர் கருதியதால், ஆசிரியரே மேடையேறிப் படித்தார். மாணவர்கள் அவர் அருகில் நின்றனர். தண்டனை வருமாயின் தம் தலைமேல் வரட்டும் என்று முன்னின்ற அவ்வாசிரியரை, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் மதிக்காதிருக்க இயலுமா?

1978இல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தின் மில்வாக்கிக் கிளையைச் சேர்ந்த ஜார்ஜ் டேவிடா தம் கருவிக்குக் காப்புரிமை கோரினார். மறுமொழியாக வந்ததோ இரகசிய ஆணை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாம் கண்டதைத் தாமே வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை தண்டமும் நேரக்கூடும். பல்கலைக் கழகம் வெளிப்படையாக எதிர்த்துக் குரல் கொடுத்த பின்னர், சில திங்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

இதன்பின் அரசு வேறு வழிகளை நாடியது. 1980இல் ஏடல்மனின் ஆய்வுக்கு ஒரு பகுதிப் பொருளைத் தானே தருவதாகப் பாதுகாப்பு நிறுவனம் முன்வந்தது. பொருளோடு விலங்கும் வரும் என்றுணர்ந்த அவர் மறுத்தார். 1981இல், அச்சேறும் முன் கட்டுரைகளை விருப்பத்தின் பேரில் அந்நிறுவனத்துக்குக் காட்டலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்தது. குழுவில் இருந்த டேவிடா அதற்கு உடன்பட மறுத்துத் தம் கருத்தைத் தனியே பதிவு செய்தார். 1982 ஆகஸ்டில் சான் டியாகோ நகரில் ஒளியியல் கருத்தரங்கு தொடங்கும் தருணத்தில், பாதுகாப்புத் துறையின் தலையீட்டால் ஏறத்தாழ நூறு கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

எல்லை வகுத்த ஆணை

இந்நிலையில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம், கார்னெல் பல்கலைக் கழகத்தின் முன்னாள் தலைவர் டேல் கார்சன் தலைமையில் குழு அமைத்தது. 1982இல் வெளிவந்த அதன் அறிக்கை, பல்கலைக் கழக ஆய்வுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று உரைத்தது. மறைத்து வைப்பதனால் வரும் பாதுகாப்பைவிட, திறந்து ஆய்ந்து முன்னேறுவதனால் வரும் பாதுகாப்பே உறுதியானது என்பது அதன் சாரம்.

1985 செப்டம்பர் 21இல் குடியரசுத் தலைவர் ரீகன் ஓர் ஆணை பிறப்பித்தார். அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்ற அளவு தடையின்றி இருத்தல் வேண்டும்; தேசப் பாதுகாப்புக்காகக் கட்டுப்பாடு இன்றியமையாததாயின், முறைப்படி இரகசியம் என வகைப்படுத்துவதே வழி என்று அது வரையறுத்தது. இதன் நுட்பத்தை நாம் உணர வேண்டும். எது இரகசியம் என்பதை அரசு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அறிஞர் உழைத்து முடித்து உலகுக்குச் சொல்ல வாய் திறக்கும் வேளையில், பின்னால் வந்து வாயைப் பொத்தலாகாது.

ஆணை பிறந்தபின் போராட்டம் அடியோடு ஓய்ந்துவிட்டதா? இல்லை. 1994இல் மறைகலை நூல் ஒன்றின் அச்சுப் பிரதியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை என்ற அரசு, அதே வாய்பாடுகள் பதிந்த கணிப்பொறித் தகட்டுக்குத் தடை விதித்தது! டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆய்வு மாணவர் நீதிமன்றம் சென்றார். கணிப்பொறிக்கு எழுதும் நிரலும் பேச்சுரிமைக்கு உட்பட்டதே என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் ஏற்றுமதி விதிகள் தளர்த்தப்பட்டன.

வரலாறு தரும் தீர்ப்பு

இரு பூட்டுகளின் கதையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். திறந்த மன்றத்தில் பிறந்த பூட்டை உலகமே சோதித்தது. 1977இல் ரிவெஸ்ட் முதலியோர் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, அதன் காரணிகளைக் கண்டு மறைமடலைப் படிப்போர்க்கு 100 டாலர் பரிசு என்றனர். கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டனர். 1994இல் உலகெங்கிலுமுள்ள ஏறத்தாழ 600 ஆர்வலர்கள் தம் கணிப்பொறிகளை ஒன்றிணைத்துச் சில திங்களில் அதனை உடைத்துவிட்டனர். அதனால் பூட்டு இழிவடையவில்லை. எத்தனை இலக்கம் இருந்தால் காப்பு உறுதி என்று உலகம் கற்றுக்கொண்டது. பலர் திருகிப் பார்த்த பூட்டே நம்பத் தக்கது. இன்று வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் இயக்கும் எளிய மனிதரின் பணத்துக்கும் இவ்வகைப் பூட்டுகளே காவல் நிற்கின்றன.

பேழைக்குள் இருந்த பூட்டோ எவர் வீட்டையும் காக்கவில்லை. 1982இல் டிஃபி செல்டன்ஹாமுக்கே சென்று எல்லிஸைச் சந்தித்தார். ஆணைக்குக் கட்டுண்ட எல்லிஸ் தம் கண்டுபிடிப்பை விவரிக்கவில்லை. 1997 டிசம்பர் 18இல் காக்ஸ் மேடையேறி உண்மையை உலகறியச் சொன்னபோது, எல்லிஸ் மறைந்து ஒரு மாதமும் நிறையவில்லை. நவம்பர் 25இல் அவர் காலமாகியிருந்தார். இருபத்தேழு ஆண்டுகள் காத்த மௌனத்துக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது, தாம் கேட்க இயலாத புகழ்மொழி ஒன்றே.

இரகசியத்தைக் காப்பது வேறு. அறிவைக் காவலில் வைப்பது வேறு. பகைவரின் எந்த மடலை நேற்றுப் படித்தோம் என்பது இரகசியம். அதனை அரசு காக்கட்டும். அது அதன் கடமை. பகா எண்களின் இயல்போ எந்த அரசும் படைத்ததன்று. அதனைத் தேடுவோர் எந்நாட்டிலும் கண்டடைவர். ஓரிடத்தில் கதவை அடைத்தால், அது வேறிடத்தில் பிறக்கும். அடைத்தவர்க்கு எஞ்சுவது முந்திக் கண்டும் பயன் கொள்ளாத இழப்பேயாகும்.

இவ்வரலாற்றில் கதவு தானே திறந்துவிடவில்லை. மாணவர்க்கு முன்னே நின்ற ஓர் ஆசிரியரும், தம் அறிஞருக்காகக் குரல் கொடுத்த ஒரு பல்கலைக் கழகமும், பொருளை மறுத்த ஒருவரும், குழுவில் தனித்து நின்ற ஒருவரும் தள்ளியதனால் திறந்தது. எந்நாட்டிலும் பொதுப் பணத்தில் ஆய்வு நடக்கும் வரை அக்கதவை மூட விரும்பும் கைகள் இருக்கும். அங்கெல்லாம் அத்தகைய அறிஞரும், அவர்க்குத் துணைநிற்கும் கல்விக்கூடங்களும் இருத்தல் வேண்டும்.