குதிரை பாய்ந்தும் வெடிக்காத துப்பாக்கி

திப்புவின் படையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராக்கெட்டுகளோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் 1791 மார்ச் 21 அன்று காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியபோது, இருதரப்பிலும் பயிற்சி பெற்ற காலாட்படையின் முதன்மைக் கருவி சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியே. வேண்டிய நேரத்தில் வெடிக்காமற்போவது அதன் தீராக் குறை.

கல்லைக் கவ்விநிற்கும் உறுப்பைத் தமிழ் ‘குதிரை’ என்றது. விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டை உரசும். தீப்பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அத்தீ சிறுதுளை வழியே குழலுக்குள் செல்லும். கல் மழுங்கினாலோ வில் தளர்ந்தாலோ பொறி எழாது. மருந்து நனைந்தால் பொறி எழுந்தும் பற்றாது. துளை அடைபட்டால் கிண்ணத்தில் மட்டும் தீ பளிச்சிட்டு அடங்கும். எதிரி நெருங்கிவரும் அந்தச் சில நொடிகளில் வீரனின் உயிர் இவற்றையே நம்பியிருந்தது.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்ற முறையில், அடிபட்டாலே வெடிக்கும் வேதிப்பொருள் தீப்பொறியின் இடத்தைப் பிடித்தது. பின்னர் அது செப்புத் தொப்பிக்குள்ளும், இறுதியில் தோட்டாவின் அடிப்பகுதியிலும் அடங்கியது. மழையச்சம் பெரிதும் நீங்கியது. அடியின் வலுவைச் சார்ந்த சிக்கல் நீங்கவில்லை. இன்றைய கைத்துப்பாக்கியிலும் தோட்டாவின் அடியில் ஆழமற்ற வடு மட்டும் பதிந்து வெடிக்காவிடில், தளர்ந்த வில்லும் ஊசியின் தடத்தில் சேர்ந்த அழுக்கும் முதலில் ஐயுறப்படுகின்றன.

இக்காலத் தமிழில் ‘குதிரை’ என்பது விரல் இழுக்கும் விசையையும் குறிக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்து பழைய ஆவணங்களைப் படித்தால், கருவியின் பழுதை வீரனின் தயக்கமாகப் பொருள்கொள்ள நேரும்.