கட்டு அவிழ்ந்த கட்டுமரம்

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழா மேடையிலிருந்து பிரதமர் ஒரு படகின் ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஹைட்ரஜன் எரிகலத்தில் ஓடும் முதல் உள்நாட்டுத் தயாரிப்பு. 24 மீட்டர் நீளம், 50 பேர் போகலாம். கட்டியது கொச்சி கப்பல் தளம், காசியில் ஓடுவதற்காக. தூத்துக்குடிக்கு அதில் பங்கு மேடை மட்டும்தான் என்று நினைத்தால், அதன் வகைப் பெயரைப் பாருங்கள்: கேட்டமரான். நம் கட்டுமரத்திலிருந்து பிறந்த சொல்.

ஆனால் தூத்துக்குடி ஊர்க்கரைக்கே கட்டுமரம் அவ்வளவு நெருக்கமில்லை. முன்னால் தீவுகள் காவல் நிற்பதால் அங்கே வள்ளமும் தோணியும் நிம்மதியாக ஓடின. முத்தும் சங்கும் எடுக்கப் போனது வள்ளத்தில். தெற்கே மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் கடல் திறந்து கிடக்கிறது. கரையருகே அலை முறியும் இடத்தைத் தாண்டுவதுதான் அங்கே பாடு. குழிவான படகுக்குள் தண்ணீர் ஏறினால் தீர்ந்தது கதை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்துக்குள் அது தேங்க இடமே கிடையாது. ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும். கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் அல்லவா? அவிழ்க்க முடிவதில்தான் அதன் சூட்சுமமே இருக்கிறது.

1697இல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட இந்த மிதவையை எழுதினார். ஏறியவன் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்பது அவர் கண்ணில் பட்டது. அன்று துறைமுகம் இல்லாத சென்னையில், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கடிதம் நனையாமல் இருக்கத் தலையில் தொப்பி, அதற்குள் தபால். வெள்ளைக்காரர்கள் வாயில் பெயர் நிலைத்தது இப்படித்தான்.

ஆனால் இங்கிலாந்து போன சொல் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியில் அது வற்றிய கிழவியைக் குறித்தது. பிறகு சண்டைக்காரிக்கும் வசவாயிற்று. 1804 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை, நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பூலோன் துறைமுகத்துக்குள் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டது. ராபர்ட் ஃபுல்டனின் அந்த யோசனைக்கும் இதே பெயர். சத்தம் பெரிது, சேதம் சொற்பம்.

பெரிய திருப்பம் 1876இல். நியூயார்க் படகுப் பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகை ஓட்டி மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், அந்த வகைப் படகே பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. இரண்டு ஓடங்களைப் பாலம்போல் இணைக்கும் அறிவு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயரோ நம்முடையது. ஒருவர் வித்தைக்கு இன்னொருவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பசிபிக்காரர்கள் வருத்தப்பட நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின் அந்தப் பெயர் எங்கெங்கோ ஏறிக்கொண்டது. 1976 முதல் ‘டொர்னாடோ’ வகை கேட்டமரான் ஒலிம்பிக்கில் ஓடியது. 2012இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஆய்வுக்கப்பல் ‘மகர்’ அந்த வடிவம்தான். அதே ஆண்டில் அமெரிக்காவின் மருந்துச் செலவு நிர்வாக நிறுவனம் ஒன்று தன் பெயரை ‘கேட்டமரான்’ என்று மாற்றிக்கொண்டது. நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனத்துக்கும் அதே பெயர். மருந்துச் சீட்டுக்கும் பங்கு முதலீட்டுக்கும் அலையோடு என்ன தொடர்பு என்று கேட்டால் பெயர் வைத்தவர்கள் ஏதாவது விளக்கம் வைத்திருப்பார்கள்.

இங்கே கரையில் நடந்தது வேறு. தோதான மரம் கிடைப்பது அரிதாயிற்று, விலை ஏறியது, இயந்திரம் வந்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகவும் ஃபைபர் படகுகள் ஏராளமாக இறங்கின. அந்த ஆண்டு வெளியான ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் கட்டுமரத்தில் தொழில் செய்த பரதவர்களின் வாழ்க்கையைப் படிக்கலாம். இப்போது ஃபைபரில் வார்த்த கட்டுமரமும் உண்டு. வடிவம் ஏறக்குறைய பழையதுதான். கட்டவோ அவிழ்க்கவோ அதில் எதுவும் இல்லை.