மண்கூட்டுக்குள் நடந்தது என்ன?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இளைஞர்கள் சிலர் ஓர் அசைபடக் குறும்படம் எடுக்கத் திட்டமிட்டார்கள். கதை, கோயில் சொற்பொழிவுகளில் நாம் கேட்டதுதான். குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். புழுவும் ஒருநாள் குளவியாகும். குளவி குரு, புழு சீடன். வேதாந்திகள் இதைப் 'பிரமர கீட நியாயம்' என்பர். பிரமரம் குளவி, கீடம் புழு. இதன் மூலத்தைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. சொற்பொழிவாளர் கூட்டின் வாயை மூடிவிட்டு மேலே போய்விடலாம். படம் வரைபவர் உள்ளே நடப்பதையும் வரைந்தாக வேண்டுமே!

முதல் தடயம் பினாங்கின் இன்னொரு சமூகமான சீனரின் பழைய நூல்களில் கிடைத்தது. 'ஷி ஜிங்' என்னும் தொன்மையான பாடல் தொகுப்பில் குளவி புழுவின் குஞ்சைச் சுமந்து செல்கிறது. அவ்வளவே. 'என்னைப் போல் ஆகு' என்று குளவி வேண்டுவதும் புழு உருமாறுவதும் யாங் ஷியோங் (கி.மு. 53 – கி.பி. 18) நூலில் வருகின்றன. கன்பூசியஸின் மாணவர்கள் ஆசிரியரைப் போல் ஆனதற்கு அவர் காட்டும் உவமை அது. தத்துப்பிள்ளையை அந்தப் புழுவின் பெயரால் குறிக்கும் சீன வழக்கும் உண்டு.

அங்கிருந்துதான் நமக்குக் கதை வந்ததா? காலத்தை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பெழுத எனக்குத் துணிவில்லை. இரு நாட்டுச் சுவர்களிலும் குளவி கூடு கட்டுகிறது. பார்த்தவர் எவருக்கும் அந்தக் கற்பனை தோன்றலாம்.

மறுப்பும் சீனத்திலேயே இருக்கிறது. மருந்து நூலுக்கு உரை எழுதிய தாவோ ஹோங்ஜிங் (456–536), குளவி தினையளவு முட்டையிட்டு, பத்துக்கு மேற்பட்ட சிலந்திகளால் கூட்டை நிரப்பி அடைக்கிறது, அவை அதன் குஞ்சுக்கு உணவு என்கிறார். புழுவைப் பிடிப்பது வேறொரு வகையாம். இதுவும் சரியே. நம் வீட்டுச் சுவரில் களிமண் அப்பும் மண்குளவிகளில் ஒருவகை சிலந்தியைத்தான் அடைக்கிறது. பின்னாளில் பிரெஞ்சு அறிஞர் ஃபாபர், கொட்டுப்பட்ட இரை சாகாமல் முடங்கிக் கிடப்பதை விளக்கினார். புழு அழுகாமல் இருந்ததால்தான் முன்னோர் அதை உயிரோடு மாறுவதாக எண்ணியிருப்பர் என்பது என் ஊகம்.

இனி நம் பக்கம். பாகவத புராணத்தின் ஏழாம் கந்தத்தில் இந்த உவமையை நாரதர் சொல்கிறார். யாருக்காக? சிசுபாலனுக்காக! கண்ணனை வெறுத்தே இடைவிடாமல் நினைத்தவன் அவனோடு ஒன்றியதை விளக்க, சுவரில் அடைபட்ட புழுவின் பகையையும் அச்சத்தையும் காட்டுகிறார். அங்கே கொட்டுதல் இல்லை, அன்பான சீடனும் இல்லை.

பதினோராம் கந்தத்தில், அவதூதர் என்னும் துறவி தம் இருபத்துநான்கு குருமார்களைச் சொல்லி முடிக்கும் இடத்தில், அதே புழு மறுபடி வருகிறது. குளவியையே நினைந்து அதன் தன்மையை அடைகிறது. ஆனால் முந்தைய உருவத்தை விடாமலே அடைகிறது என்று சுலோகம் சேர்க்கிறது. சிறகு முளைக்கும் காட்சிக்கு இந்த வரி இடம் தரவில்லை.