தலைப்பிரசவமும் தடுப்பு வெட்டும்

தலைப்பிரசவத்துக்குப் பின் வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் தவித்த பெண்கள் எந்தக் காலத்திலும் உண்டு. வெளியே சொன்னவர்கள்தான் குறைவு. அந்த மௌனம் இருந்ததால்தான், பிரசவ வாயிலைக் கத்தரித்துத் தையல் போடும் எபிசியாட்டமி இத்தனை காலம் கேள்வியின்றி நிலைத்தது என்று நினைக்கிறேன். 1742இல் டப்ளின் மருத்துவர் பீல்டிங் ஓல்ட் இதை எழுதியது, குழந்தையின் தலை வெளிவர வழியில்லாமல் முட்டி நிற்கும் அரிய பிரசவத்துக்காக. 1920இல் சிகாகோவின் ஜோசப் டிலீ அதைத் தலைப்பிரசவத்தின் வழக்கமாகவே ஆக்கச் சொன்னார். முன்கூட்டியே வெட்டி, ஆயுதம் (ஃபோர்செப்ஸ் இடுக்கி) போட்டுக் குழந்தையை எடுத்தால் தாயின் தசைகள் சிதையாது என்பது அவர் வாதம். ஆதாரம் என்று பார்த்தால், பெரும்பாலும் அவரது சொந்த அனுபவம்தான். ஆனாலும் பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போனபோது கத்தரிக்கோலும் கூடவே போனது. 1983இல் தாக்கர், பான்டா என்ற இரு ஆய்வாளர்கள் 120 ஆண்டு ஆங்கில மருத்துவ எழுத்துகளை அலசியபோதும், சொல்லப்பட்ட பலனுக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை.

உண்மையில் என்ன சிதைகிறது என்பது 1993இல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. லண்டனில் அப்துல் சுல்தானும் உடனிருந்தோரும் ஆசனவாய்க்குள் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைக் கொண்டு கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். சுகப்பிரசவமோ ஆயுதப் பிரசவமோ, இயல்பான வழியில் முதல் குழந்தை பெற்ற 79 பேரில் 28 பேருக்கு ஆசனவாய்ச் சுருக்குத்தசையில் பிளவு இருந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற 48 பேரில் பிரசவத்துக்கு முன்பே 19 பேருக்கு இருந்த பிளவு, பின்னர் 21 பேருக்கு என்றுதான் ஆனது. பெருஞ்சேதம் முதல் தடவையிலேயே நேர்ந்துவிடுகிறது. தாயைக் காக்கும் என்று டிலீ நம்பிய ஆயுதம் போட்ட 10 பேரில் 8 பேருக்குப் பிளவு.

ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயா என்று கேட்கலாம். நியாயம்தான், அந்த 79 பேரில் தொல்லை சொன்னவர்கள் 10 பேர். கர்ப்பமே குடலைக் கெடுக்கிறதே என்பது இன்னொரு வாதம். புரொஜெஸ்டிரோன் குடலை மந்தமாக்கும், இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். ஆனால் அது மலச்சிக்கலின் கதை. அடக்க முடியாமை வேறு. சுல்தானின் அதே ஆய்வில் சிசேரியன் ஆன 23 பேரும் கர்ப்பம் சுமந்தவர்களே. அவர்களில் ஒருவருக்கும் புதுப் பிளவு இல்லை. இதை வைத்து எல்லோருக்கும் சிசேரியன் என்பது அடுத்த அபத்தம். வெட்டாமல் விட்டால் இன்னும் மோசமாகக் கிழியாதா என்ற கேள்விக்கு அதே ஆண்டு அர்ஜென்டினாவிலிருந்து விடை வந்தது. 2,606 பெண்களிடம் நடந்த சோதனையில், வழக்கமாக வெட்டிய பிரிவில் கடுங்கிழிசல் 1.5 சதவீதம், தேவைப்பட்டால் மட்டும் வெட்டிய பிரிவில் 1.2. ஆயுதப் பிரசவத்தில் சாய்வான வெட்டு உதவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அது அந்த நேரத்து அவசரத்துக்கான நியாயம். தலைப்பிரசவம் என்ற ஒரே காரணத்துக்காகக் கத்தரியை எடுக்க அது போதாது.