அடையாறும் ஏரிகளும்

காவிரிக்கும் வையைக்கும் வாய்த்த புலவர் அடையாற்றுக்கு வாய்க்கவில்லை. மலையிற் பிறவாத ஆறு இது. ஆதனூர் முதலான ஏரிகளின் மிகுநீர் ஒன்றுகூடி ஆறாகி, முடிச்சூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம், சாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியே ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலை அடைகிறது.

இவ்வாற்றின் குறுக்கே பேரணை ஏதுமில்லை. ஆயினும் மழைக்காலத்தில் இதன் போக்கை ஆள்வது செம்பரம்பாக்கம் ஏரியே. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது அது. அதன் உபரிநீர், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரை ஒட்டி ஓடித் திருநீர்மலை அருகே அடையாற்றிற் சேர்கிறது. ஏரி நிறைந்தால் ஆறு பெருகும் என்பதை அக்கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர்.

1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தப் பொருளால் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தார். 'மார்மலாங்' என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தது மாம்பலம் என்னும் பெயரின் சிதைவே. அவ்விடத்தில் பின்னர் எழுந்த பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. ஆறு கடலை நெருங்குமிடத்தில், 1973-இல் திறக்கப்பெற்ற பாலம் திரு.வி.க. பெயரைத் தாங்குகிறது. தமிழறிஞர் இருவரின் பெயரைச் சூடிய ஆறு வேறு யாதுளது!

பெயர்கள் நிலைத்தன, நீர்நிலைகள் நிலைக்கவில்லை. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரி வற்றச் செய்யப்பெற்றுத் தியாகராய நகர் எழுந்தது. பின்னர்ப் பிற ஏரிகளும் கால்வாய்களும் ஒவ்வொன்றாக மனைகளாயின. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் மீதே நீட்டப்பெற்றது.

2015 திசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற்றது. இடைப்பட்ட ஏரிகளின் நீரும் உடன் சேர்ந்தது. அசோக் நகர், சாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கணும் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. மறைமலையடிகள் பாலத்திற் போக்குவரத்து நின்றது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற தலைமைக் கணக்காயர் அறிக்கை அதனை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே குறித்தது.

ஏரியைத் திறந்த கையை மட்டும் குறை கூறி அமைதல் எளிது. நீர் தங்கும் இடங்களைத் தூர்த்த கைகள் பல. தூர்ந்த பின் அந்த ஏரிகளின் பெயரையும் மறந்தது அதனினும் பெரும் பிழை. ஊரின் பெயர்களைக் காத்து வைப்பது கவிஞர் கடன் எனின், அடையாற்றங்கரையில் அக்கடன் இன்னும் தீரவில்லை.